ஒண்ணாப்பில் என்னதான் நடத்துறாங்க?

"பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று கேட்டால் ஒண்ணாப்புப் பிள்ளை சொல்கிற பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: "விளையாண்டோம்." கேட்ட அப்பாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனியார் பள்ளி யூகேஜியிலேயே நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறது. நம்முடையது அரசுப் பள்ளியில் புளியங்கொட்டை எண்ணிவிட்டு வருகிறது. "கொட்டையை வீட்டுலயே எண்ணலாமே அண்ணே, அதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று ஒரு தகப்பன் டீக்கடை பெஞ்சில் கேட்டால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இரண்டாவது டீயையும் இப்போதே சொல்லிவிடலாம்.

கொட்டையிலிருந்தே தொடங்குவோம். நாலரை வயதுப் பிள்ளை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வந்த விருந்தாளி கைதட்டுவார். ஆனால் அது இன்னும் எண் ஆகவில்லை, பாட்டுதான். ஏழு கொட்டையைத் தரையில் பரப்பி எண்ணச் சொல்லிப் பாருங்கள். விரல் மூன்றாவது கொட்டையில் நிற்கும், வாய் ஐந்தைத் தாண்டியிருக்கும். அல்லது தொட்ட கொட்டையையே மறுபடி தொடும். சரியாக எண்ணி முடிக்கிற பிள்ளையிடமும் உடனே "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் பதில் சொல்லாமல் திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். கடைசியாகச் சொன்ன ஏழு என்பது அந்தக் கடைசிக் கொட்டையின் பெயரல்ல, குவியல் முழுவதன் அளவு என்பது அதற்குப் பிடிபடவில்லை. "குவியல்லேர்ந்து ஏழு எடுத்துக் குடு" என்றால் இன்னும் சிரமம். கைக்கு வந்ததை அள்ளி நீட்டும்.

ரோச்செல் கெல்மன், சார்லஸ் கேலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசி எண்தான் மொத்தம். கொட்டையானாலும் ஆட்டுக்குட்டியானாலும் கைதட்டலானாலும் எண்ணுகிற முறை ஒன்றே. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. நமக்கு இவை விதிகளாகவே தோன்றுவதில்லை. எப்போது கற்றோம் என்பதும் நினைவில்லை. ஐந்து வயதில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி கண்டுபிடிப்பு. கரும்பலகையில் 7 என்று எழுதி நூறு முறை பார்த்து எழுதச் சொன்னால் இந்த ஐந்தில் ஒன்றுகூட வராது. 7 என்ற வடிவம் வரும், அவ்வளவுதான்.

அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் விரிந்தது. அந்தச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லி ஒரு ஒண்ணாப்புச் சிறுவனை அனுப்பிப் பாருங்கள். முதல் வாரம் ஒரு தட்டோடு போய் வந்து, மறுபடி ஒரு தட்டோடு போவான். பிறகொரு நாள், இருக்கிறவர்களை முதலில் எண்ணிவிட்டு அத்தனை தட்டை அடுக்கி எடுத்துவருவான். அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் கணக்குப் பாடம் நடந்திருக்கிறது. வீட்டில் வந்து அவன் இதைச் சொல்ல மாட்டான். சொல்லத் தெரியாது.

இன்னொன்று, எண்ணாமலே தெரிகிற எண். பல்லாங்குழி ஆடியவர்களுக்கு நினைவிருக்கும். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் பல ஊர்களில் அதற்குப் 'பசு' என்று பேர், குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் ஓடுகிற வேகத்தில் யாரும் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கண் பட்டதுமே நான்கு என்று தெரிந்துவிடும். ஏன் நான்கு? ஏழு ஏன் இல்லை? 1871இல் நேச்சர் இதழில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஒரு சோதனையை எழுதினார். ஒரு பெட்டிக்குள் கறுப்புப் பயற்று விதைகளை வீசி, விழுந்தது எத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆயிரம் தடவைக்கு மேல். மூன்றும் நான்கும் விழுந்தபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்திலிருந்து தடுமாற்றம் தொடங்கியது. மனிதக் கண் எண்ணாமல் பிடிக்கிற எல்லை ஏறக்குறைய அதுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. பல்லாங்குழியை வகுத்தவர்கள் ஜெவன்ஸைப் படிக்கவில்லை. ஆனால் ஆட்டம் அந்த எல்லையிலேயே வந்து நிற்கிறது. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனால் நிரூபிக்கவும் முடியாது.

நான்கைக் கண்ணால் பிடித்தாயிற்று. அதை உடைப்பதற்கு அஞ்சாங்கல் இருக்கிறது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கிற நான்கையும் அள்ள வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக. அடுத்ததில் இரண்டிரண்டாக. மூன்றாவதில் மூன்றும் ஒன்றும். பிறகு நான்கையும் ஒரே வாரலில். நான்கு என்பது இரண்டும் இரண்டும், மூன்றும் ஒன்றும் என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. ரெண்டாப்பில் எட்டோடு ஐந்தைக் கூட்டும்போது, ஐந்தை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, இரண்டை எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மீதி மூன்று, ஆக பதிமூன்று என்று போகிற பிள்ளை இந்த உடைப்பைத்தான் செய்கிறது. விரல்விட்டு எட்டிலிருந்து ஒன்று ஒன்றாக ஏறுகிற பிள்ளைக்கு இன்னும் ஐந்து உடையவில்லை. அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தந்து பயனில்லை, கல்லைத் தர வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் "அப்ப விளையாடுனாலே கணக்கு வந்துருமா?" என்று கேட்கத் தோன்றும். வராது. இந்த இடத்தில்தான் விளையாட்டின் ரசிகர்கள் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பரமபத ஆட்டம் போல ஒன்றை வைத்து ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் அமெரிக்காவில் வறிய வீட்டுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. நாலைந்து வயதுப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதிய நேர்க்கட்டப் பலகை. இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதிலாக நிறங்கள். ஆட்டம் ஒன்றே, நேரமும் ஒன்றே: தலா பதினைந்து நிமிடமாக நான்கு அமர்வு, மொத்தமே ஒரு மணி நேரம். எண் பலகையில் ஆடிய பிள்ளைகள் எது பெரிய எண், எது சின்ன எண், எண் எந்த இடத்தில் உட்காரும் என்பதிலெல்லாம் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது மறையவில்லை. நிறப் பலகைக்காரர்களுக்கும் ஆட்டம் குதூகலமாகத்தான் இருந்தது. எண் மட்டும் வரவில்லை.

2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். நூறு வரை போகிற பலகை. காய் 24இல் நிற்கிறது. அடுத்து மூன்று விழுகிறது. ஒரு பிள்ளை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்துகிறது. இன்னொரு பிள்ளை "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்துகிறது. இரண்டு காயும் போய் நிற்பது ஒரே கட்டத்தில். ஆனால் எண்ணின் அளவு பிடிபட்டது இரண்டாவது பிள்ளைக்குத்தான். பலகை அதேதான், ஆட்டமும் அதேதான். வாய் என்ன சொல்லிற்று என்பதில் இருந்தது வித்தியாசம்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டும் படிப்பும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை. விளையாட்டுக்குள் படிப்பு ஏறுகிற இடம் மிகச் சின்னது. இப்படி ஒரு வாக்கிய அளவுதான். அந்த இடத்தைப் பார்த்து அங்கே ஒரு சொல் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் ஆசிரியர் என்று சம்பளம். பிள்ளைகளிடம் பொம்மையைக் கொடுத்துவிட்டு ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தால் அது நிறப் பலகை வகுப்பு. பார்க்க உற்சாகமாக இருக்கும், போட்டோவிலும் நன்றாக விழும்.

ரெண்டாப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். நூற்று நான்கு எழுதச் சொன்னால் பிள்ளை 1004 என்று எழுதும். திட்டாதீர்கள். அது காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறது: நூறு, பிறகு நான்கு. இடமதிப்பு என்ற ஏற்பாடு அதற்கு இன்னும் அறிமுகமாகவில்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, தனிக் குச்சி நான்கை எட்டி வைத்தால், நடுவில் தனிப் பத்துக்கட்டு எதுவும் இல்லாத காலியிடம் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலியைக் காட்டத்தான் 0. 100 என்று எழுதிய நீள அட்டையின் கடைசி இடத்தில் 4 என்ற சிறு அட்டையை மேலே வைத்து மூடிக் காட்டுகிற ஆசிரியர்களும் உண்டு. இரண்டு நிமிட வேலை. பிறகு பிள்ளையே கட்டையும் பிரிக்கும், சேர்க்கும்.

இனி எழுத்து. இங்கேதான் பெற்றோருக்குப் பதற்றம் அதிகம். தமிழில் 247 எழுத்து என்று சொல்லியே பயமுறுத்தி வைத்திருக்கிறோம். உண்மையில் பிள்ளை 247 வடிவங்களை மனப்பாடம் செய்வதில்லை. உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்த்து 31. பிறகு கால், கொம்பு, சுழி போன்ற துணைக்குறிகள். பெரும்பாலான வரிசைகள் விதிப்படி போகும். உகர ஊகார வரிசைதான் முரண்டு பிடிக்கும். கு, சு, டு, து, னு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அவற்றைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். அடுத்த முட்டுக்கட்டை ஒற்றைக்கொம்பு. 'கொ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககரம். எழுதும்போது முதலில் போடுவது கொம்பு. காதுக்குப் பிந்தி வருவது கைக்கு முந்தி வர வேண்டும். நமக்குப் பழகிவிட்டது; ஆறு வயதில் இது அநியாயம். கொம்பை ககரத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுகிற பிள்ளை மக்கு இல்லை, காது நன்றாகக் கேட்கிற பிள்ளை.

கன்னடக் குழந்தைகள் எழுத்துக் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், 2007இல் வெளியான கட்டுரையில், நம்மைப் போன்ற பெரிய எழுத்துத் தொகுதி கொண்ட மொழிகளில் எழுத்தறிவு முழுமையாகக் கைவர நான்காம் வகுப்பு அளவுக்கும் நேரம் பிடிக்கிறது என்று காட்டினார். 26 எழுத்தைப் பாலர் வகுப்பிலேயே முடித்துவிடுகிற ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு, "தமிழ்ல இன்னும் க ங ச தாண்டல" என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. ஆங்கிலத்தில் எழுத்து சீக்கிரம் முடியும், எழுத்துக்கூட்டல் ஆயுள் முழுக்கத் தொடரும். நம்முடையது ஆரம்பத்தில் இழுக்கும், வந்துவிட்டால் எதையும் வாசித்துவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்பதிலும் ஒரு யோசனை இருக்கிறது. அ, ஆ என்று வரிசைப்படி போனால் முதல் எழுத்தே சுழித்து வளைகிற அகரம். அதற்குப் பதிலாக நேர்கோட்டால் ஆன ட, ப, பிறகு ம என்று தொடங்குகிற முறையும் உண்டு. இந்த மூன்றோடு ஒரு புள்ளி சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். பிள்ளை முதல் சில நாட்களிலேயே நிஜமான ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. பட்டம் என்று வாசித்து முடித்ததும் வெளியே போய்ப் பட்டம் விடுகிற வகுப்பு, அதே சொல்லை இருபது வரி எழுத வைக்கிற வகுப்பைவிட உயர்ந்தது என்பது என் கட்சி. மாற்றிக்கொள்கிற எண்ணம் இல்லை.

எழுதுவதற்குக் கை வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகி, கடைசி ஒன்று உருவாக ஒன்பது பத்து வயதுகூட ஆகும். யூகேஜி பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்துவதும், ஒரு பக்கம் எழுதியதும் கையை உதறுவதும் சோம்பேறித்தனம் இல்லை. களிமண் பிசைவது, மணி கோப்பது, கோலப்பொடி இழுப்பது, இலை கிழித்து ஒட்டுவது எல்லாம் அந்தக் கைக்கான வேலைகள். கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரில் இந்தியாவிலேயே மாட்டிக்கொண்டு, ஏழு ஆண்டுகள் போல இங்கே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் எழுதத் தொடங்குவதற்கு முன் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவ வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்காரர்கள் கேட்டால் சிரித்திருப்பார்கள். அவர்கள் மணலில் விரலால்தான் எழுதவைத்தார்கள்.

அந்த மணல் சீமைக்கே போயிருக்கிறது. எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் குதிரையில் போகும்போது நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் மணல் பரப்பி, மூத்த பையன்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பரவியது. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டைப் புதுமோஸ்தர் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் இதை யோசிக்கலாம்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் பாட்டி எழுதிக் காட்டுகிற 'லை', 'ணா' பள்ளியில் எழுதுவது மாதிரி இருக்காது. பெரியார் தன் இதழ்களில் புழங்கிய சீர்திருத்த எழுத்துகளில் 13ஐ 1978இல் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன் படித்தவர்களுக்குத் துதிக்கை வைத்த லைதான் கைக்கு வரும். "பாட்டிக்குத் தப்பா எழுதத்தான் தெரியுது" என்று பேரன் அறிவித்தால் சண்டை வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

வகுப்பறை இப்போது இருக்கிற தோற்றத்துக்கு வந்த கதையும் சுவையானது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளி, சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. ஒரே அறையில் பல வகுப்பு, ஒரே ஆசிரியர். எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்த வழியில்லை. அதனால் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து, ஏணி மாதிரி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறட்டும் என்று விட்டார்கள். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், அதைத் தழுவி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் வந்தது.

அதோடு அறையே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் நீளக் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. தலைக்கு மேலே கம்பி கட்டி அதில் பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடுகிற கம்பிப்பந்தல். வருகைப் பதிவைப் பிள்ளையே குறிக்கும். இன்று வெயிலா மேகமா என்பதையும் அதுவே அட்டையில் காட்டும். அட்டையில் பறவை, விலங்கு என்று ஒரு சின்னம் இருக்கும். அதைப் பார்த்து இது ஆசிரியரோடு செய்வதா, கூட்டாளியோடு செய்வதா, தனியாகச் செய்வதா என்று கண்டுகொண்டு அந்தந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறலாம். பழைய முறையில் அந்தப் பத்து நாள் போனது போனதுதான். இது ஒன்றுக்காகவே அந்த ஏணியை நான் மதிக்கிறேன்.

ஆனால் எல்லாம் இனிப்பு இல்லை. அட்டைகள் ஆசிரியரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வகுப்புகளும் இருந்தன. பிள்ளை அட்டையை எடுக்கும், முடிக்கும், அடுத்ததை எடுக்கும். ஆசிரியர் டிக் அடித்துக்கொண்டிருப்பார். கதை சொல்வது குறைந்தது. ஒரே படியில் மாதக்கணக்கில் நின்ற பிள்ளையை யாரும் கவனிக்காமல் போனதும் உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், கூடவே எழுதி நிரப்ப வேண்டிய பதிவேடுகளும் குவிந்தால், யாரால்தான் கவனிக்க முடியும்?

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒண்ணாப்பு வாசலையே பார்க்காமல் நேரே ரெண்டாப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. எட்டு வயதுக்குள் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வர வேண்டும், 2025க்குள் எல்லாப் பிள்ளைக்கும் என்பது அன்று அறிவித்த இலக்கு. பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவேலை என்று வகுப்புக்குள் தனித்தனி மூலைகள். வகுப்பு எதுவானாலும், பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்கள். இந்தப் பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தான் அரும்பில் இருப்பது ஏன் என்று மிக நன்றாகத் தெரியும். குழு இந்த மாதத்துக்கான உட்காரும் இடம்தான் என்று நினைக்கிற ஆசிரியரிடம் பிள்ளை நகரும். 'அவன் அரும்பு சார்' என்று அதைப் பிள்ளையின் பெயராகவே ஆக்கிவிட்டவரிடம் நகராது.

நல்ல வகுப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சத்தத்தைக் கேளுங்கள். முழு அமைதி நல்ல அறிகுறியே இல்லை. "ஏய், அது என்னோடது", "டீச்சர், இவன் பாருங்க" மட்டுமே கேட்டால் விளையாட்டுப் பொருள் இருக்கிறது, வேலை இல்லை. "இல்லடா, பத்துக்கட்டு மூணுதான், நீ நாலு எண்ணிட்ட" என்று ஒன்று இன்னொன்றைத் திருத்துகிற சத்தம் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்றும் பாருங்கள். பாயில் ஒரு குழுவோடு உட்கார்ந்து, ஒரு பிள்ளை எண்ணுவதைப் பேசாமல் பார்த்துவிட்டு, "எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒற்றைக் கேள்வி கேட்கிறாரா? விடை தவறாக இருந்தாலும் சரியாக இருந்தாலும் அதே கேள்வியைக் கேட்கிறாரா? அப்படி ஒருவர் கிடைத்தால் பிள்ளையை அங்கிருந்து மாற்றாதீர்கள்.

எல்லா விளையாட்டுக்குள்ளும் பாடத்தைத் திணிக்கவும் கூடாது. மணி அடித்ததும் ஓடிப் போய் ஆடுகிற பாண்டியும் ஓடிப்பிடிச்சும் ஸ்டாச்சூவும் பாடத்துக்கு உறவே இல்லாமல் இருக்கட்டும். அவற்றுக்கு வேறு வேலை உண்டு. 1948இல் மனுய்லென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சும்மா நில் என்றபோது நின்றதைவிட, "நீ காவல்காரன்" என்று ஆட்டத்துக்குள் வைத்துச் சொன்னபோது அதிக நேரம் நின்றன. பெரியவர் அதட்டி வராத அடக்கம் ஆட்டத்தின் விதிக்குக் கட்டுப்பட்டு வந்தது. ஸ்டாச்சூவில் மூக்கு அரித்தும் அசையாமல் நிற்கிற பிள்ளை, வகுப்பில் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொள்கிறது. அவுட்டா இல்லையா என்று கால் மணி நேரம் நடக்கிற வழக்கு இருக்கிறதே, அதில் ஆசிரியர் நீதிபதியாகப் போகாமல் இருப்பதே புண்ணியம்.

கடைசியாக, எப்போது கவலைப்படலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். "பொறுங்க, வந்துரும்" என்று மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது. ஒண்ணாப்பு முடிகிறபோது இருபது பொருளை எண்ணி எடுத்துக் கொடுக்கவும், சின்னச் சின்னச் சொற்களை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கவும் தொடங்கியிருக்க வேண்டும். ரெண்டாப்பு முடிகிறபோது இருபதுக்குள் கூட்டல் கழித்தல் விரல் இல்லாமல் வர வேண்டும். நாலைந்து வரிக் கதையை வாசித்து, அதில் என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இதற்கு வெகு தூரத்தில் நின்றால் டியூஷன் தேடி ஓடுவதற்கு முன் டீச்சரிடம் போய் "எந்த இடத்துல நிக்குது?" என்று கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்று அல்ல. படி எது, எந்த எழுத்தில் தடுக்குகிறது, எந்த எண்ணில் குழம்புகிறது என்று குறிப்பாகச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கூடவே கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் காட்டலாம், பக்கத்து அரசு மருத்துவமனையிலும் காட்டலாம். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஆறு வயதுப் பிள்ளை தானாக வந்து சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.